படகுக்காரி பூங்காவனமும் லினன் தொப்பியும்

கால நீட்டிக்கோ, தேனு. போர்வைய இழுத்துக்கோ. பெரியம்மா சொல்றேன், நீ "ம்" போட்டுக்கிட்டே கேளு.

ம்.

ஒரு ஊர்ல ஒரு படகுக்காரி இருந்தா. ஆறு வந்து கடல்ல சேருமே, அந்த மாதிரி ஊரு. தண்ணிக்குள்ளயே காடு மொளச்சு நிக்கும், சுரபுன்னைக் காடு. மரத்துக்கு நடுவுல வாய்க்கால் வாய்க்காலா தண்ணி ஓடும். ஊர் பாக்க வரவங்கள ஏத்திக்கிட்டு அதுல சுத்திக் காட்டணும், அதான் வேலை. அவ பேரு பூங்காவனம். அந்தப் படகுத்துறையில எல்லாரும் ஆம்பளைங்க, இவ ஒருத்திதான் பொம்பளை. சளக்... சளக்... சளக்னு அவ துடுப்பு போட்டா மரத்துல ஒக்காந்திருக்கிற கொக்கு கூட பறக்காது. அவ்வளவு பதமா போடுவா. அதுல அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அப்போ சித்திரை மாசம் வந்துது. வெயில்னா வெயில், மண்டைய பொளக்குற வெயில். மேல சூரியன் சுடுது, கீழ தண்ணி பளபளன்னு திருப்பி அடிக்குது. ஒரு நாள் மத்தியானம் நாலு பேர ஏத்திக்கிட்டு வரா. திடீர்னு கண்ணுல பூச்சி பறக்குது, காது ங்ஙொய்ய்ய்னுது. பொத்துனு படகுக்குள்ள சாஞ்சுட்டா.

அய்யோ!

ஒண்ணும் ஆகல. கூட வந்தவங்க தண்ணி தெளிச்சாங்க, எழுந்துட்டா. ஆனா துறை மேனேஜரு தணிகாசலம் சும்மா விடல. "யம்மா, நாளையில இருந்து காலையில ஒரு நடை போ, போதும். மத்தியானம் கரையில நின்னு லைஃப் ஜாக்கெட் எடுத்துக் குடு. நடுத்தண்ணியில உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்கு பதில் சொல்றது?"ன்னாரு. கெட்ட மனுசன் இல்ல, பயந்த மனுசன். டாக்டரம்மாகிட்ட போனா, அவங்களும் "தலைய மூடாம வெயில்ல போகாத, தண்ணி நிறைய குடி"ன்னாங்க.

பூங்காவனம் யோசிச்சா. துண்டு கட்டுனா, கண்ணுக்கு மேல சரிஞ்சுது, படகு மரத்துல டொம்முனு முட்டுச்சு. கொடை புடிக்கலாம்னா, ரெண்டு கையிலயும் துடுப்பு இருக்கே! சரி, தொப்பிதான் வாங்கணும்னு டவுனுக்கு பஸ் ஏறிட்டா.

டவுன்ல கமாலுதீன் பாய் கடை. வாசல்லேர்ந்து கூரை வரைக்கும் தொப்பி தொங்கும். மொதல்ல ஒரு வைக்கோல் தொப்பிய எடுத்தா. பூ வெச்சு, ரிப்பன் வெச்சு, அவ்வளவு அழகு! தலையில வெச்சா சரக் சரக்னு குத்துது. அது நிஜ வைக்கோலே இல்ல, பிளாஸ்டிக்கு. பாய் ஃபேன ஒரு தட்டு தட்டுனாரு, தொப்பி விர்ர்ருனு பறந்து எதிர் டீக்கடையில விழுந்துது.

ஹி ஹி!

அப்புறம் ஒரு கறுப்பு நைலான் தொப்பி. போட்டு ஒரு நிமிசம் ஆகல, தலைக்குள்ள இட்லி வேகுற மாதிரி புஸ்ஸுனு ஆயிடுச்சு. "வேணாம் பாய்!"னு கழட்டிட்டா.

அப்போ பாய் உள்ள போயி ஒரு தொப்பி எடுத்துட்டு வந்தாரு. சந்தன நிறம். "இது லினன் துணிம்மா. ஆளிச்செடின்னு ஒரு செடி, அதோட தண்டுல நாரு உரிச்சு நெய்யறது. இப்படி வெளிச்சத்துல தூக்கிப் பாரு, சின்னச் சின்னதா கண்ணு தெரியுதா? அது வழியா காத்து போவும்"னாரு. பூங்காவனம் கையில கசக்கிப் பாத்தா. சுருக்கம் விழுந்துது. "சுருங்குதே பாய்?" "லினன்னா சுருங்கும்மா. சுருங்கவே இல்லன்னா நைலான் கலந்திருக்கும்"னாரு.

அப்புறம் ஒரு நூல எடுத்து அவ நெத்தியச் சுத்தி அளந்தாரு. "இறுக்கமாவும் வேணாம், தொளதொளன்னும் வேணாம். ஒரு விரல் உள்ள போவணும்"னாரு. முன்னால நாலு விரல் நீட்டுக்கு விளிம்பு. அதுக்கு அடியில கரும்பச்சைத் துணி, தண்ணி வெளிச்சம் கண்ணுல அடிக்காம இருக்க. எல்லாம் சரி. ஆனா அவ கொண்டை எங்க போவும்? இவ்ளோ பெரிய கொண்டை! தொப்பி மேல எகிறி நிக்குது. பாய் சிரிச்சாரு. "பொம்பளைங்களுக்குன்னே தெச்சதும்மா இது, பின்னாடி பாரு"ன்னாரு. பின்னாடி ஒரு தொறப்பு, அதுல நாடா. கொண்டைய வெளிய விட்டு நாடாவ இழுத்தா, சிக்குனு ஒக்காந்துது!

பூங்காவனம் கண்ணாடியில பாத்தா. இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா, அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா. "நல்லா இருக்கேனா பாய்?" "கப்பலுக்கே கேப்டன் மாதிரி இருக்கம்மா"ன்னாரு. வீட்டுக்கு வந்ததும் தாடைக்குக் கீழ முடிச்சு போட ரெண்டு பட்டையும் அவளே தெச்சுக்கிட்டா.

ம்.

பத்து நாள் காலை நடைக்குப் போட்டுக்கிட்டுப் போனா. தலை குளுகுளுன்னு இருந்துது. மேனேஜர்கிட்ட கேட்டா. "சரி, வெள்ளிக்கெழம மத்தியானம் நானே உன் படகுல வரேன். மூணு வாய்க்காலும் சுத்தணும். தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அவ்வளவுதான்"னாரு.

அவ மாமியாரு கன்னியம்மாவுக்கு இது தெரிஞ்சுது. மருமக பெரிய பரீட்சைக்குப் போறா, தொப்பியில வேர்வை உப்பு வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு, பளிச்சுனு இருக்க வேணாமா? வியாழக்கெழம காலையில இவ தொப்பிய மறந்து வீட்டுலயே விட்டுட்டு வேலைக்குப் போன நேரத்துல, அந்தம்மா தண்ணிய தளதளன்னு கொதிக்க வெச்சு, சலவை சோடாவப் போட்டு, தொப்பிய அதுல முக்கி, கல்லுல தொப்பு... தொப்பு... தொப்புனு தொவைச்சு, முறுக்கிப் புழிஞ்சு வெயில்ல போட்டாங்க.

பூங்காவனம் வந்து பாத்தா. தொப்பி ஒரு தேங்கா மூடி அளவுக்கு சுருங்கிக் கெடக்கு! தலையில வெச்சா உச்சியில குந்திக்குது.

அழுதாளா?

அழுதா. கூட மாமியாரும் அழுதாங்க. "அய்யோ, நல்லதுன்னு நெனச்சு கெடுத்துட்டேனே"ன்னு மூக்க சிந்துனாங்க. திட்டவா முடியும்? "அழாத அத்த"ன்னு இவ கண்ணத் தொடச்சுக்கிட்டு பாய்க்கு போன் போட்டா.

பாய் பதறவே இல்ல. "கொதிக்கிற தண்ணிதான் அதுக்கு ஆவாதும்மா. பச்சத்தண்ணியில ஊற வெய்யி, புழியாத. துண்டுல வெச்சு ஒத்தி எடு. ஈரமா இருக்கும்போதே கையால இழுத்து இழுத்து விடு. அப்புறம் உன் தலை அளவுக்கு ஒரு பானையில மாட்டி நெழல்ல காய வெய்யி. இனிமே எப்பவும் அப்படித்தான்"னாரு.

தலை அளவுக்குப் பானையா? கன்னியம்மா அடுப்பங்கரைக்கு ஓடுனாங்க. சோத்துப் பானைய மருமக தலை பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க, பெருசு. கொழம்பு சட்டிய வெச்சாங்க, சின்னது. மோர்ப்பானைய வெச்சாங்க... அளந்து செஞ்ச மாதிரி இருந்துது! ரெண்டு பேருமா ஆளுக்கு ஒரு பக்கம் தொப்பிய இழுத்து, மெல்ல மெல்ல, மெல்ல மெல்ல, பானைக்கு மாட்டிட்டாங்க. சன்னலோரம் வெச்சாங்க.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அஞ்சலை வந்து சன்னல் வழியா, "பூங்காவனம், கொஞ்சம் உப்பு குடேன்"னா. பதில் இல்ல. "ஏய், உன்னத்தான்!" பதில் இல்ல. "தொப்பி வாங்குனதும் திமிரு வந்துடுச்சாடி உனக்கு?"ன்னு மோர்ப்பானைகிட்ட சண்டைக்கே போயிட்டா!

ஹி ஹி ஹி! பானைகிட்டயா?

பானைகிட்டதான்! மாமியாரும் மருமகளும் உள்ள வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க.

வெள்ளிக்கெழம தொப்பி கச்சிதமா இருந்துது. மேனேஜரு பளபளன்னு ஒரு கறுப்புத் தொப்பி போட்டுக்கிட்டு படகுல ஏறுனாரு. மொதல் வாய்க்கால் அகலம், வெயில் நேரா எறங்குது. சளக்... சளக்... தாண்டிட்டா. ரெண்டாவது வாய்க்கால் குறுகல், கெளை எல்லாம் முகத்துல இடிக்குது. குனிஞ்சு நெளிஞ்சு தாண்டிட்டா. மூணாவது, கடல் வாய்க்குப் பக்கம். அங்க காத்து ஹோ...ன்னு அடிக்கும். அடிச்சுது பாரு ஒரு காத்து! மேனேஜர் தொப்பி விர்ர்ருனு பறந்து தண்ணியில விழுந்து, கடல் உள்வாங்குற வத்து நீரோட கடலப் பாத்து ஓடுது. அவருக்கோ தலையில ஒரு முடி இல்ல.

"என் தொப்பி! என் தொப்பி!"ன்னு கத்துறாரு. பூங்காவனம் தாடை முடிச்ச இறுக்கிக்கிட்டா. படக திருப்புனா. சளக் சளக் சளக் சளக்! தொப்பி ஓடுது, படகு தொரத்துது. கடைசியில துடுப்பு நுனியால லபக்குனு தூக்கிட்டா.

திரும்பிப் பாத்தா, மேனேஜரு வழுக்கையில கைய வெச்சுக்கிட்டு, செவசெவன்னு ஒக்காந்திருக்காரு. "யம்மா... எனக்கு தலை சுத்துதும்மா"ன்னாரு.

உடனே படக மர நெழலுக்கு விட்டா. தலையில தண்ணி ஊத்துனா, குடிக்க தண்ணி குடுத்தா. அவரு தெளிஞ்சதும் மெதுவா கேட்டா: "சார், தலை சுத்துதுன்னு இப்ப சொன்னது நானா, நீங்களா?"

மேனேஜரு அவள ஒரு தடவ பாத்தாரு, நனைஞ்ச தொப்பிய ஒரு தடவ பாத்தாரு. அப்புறம் படகே ஆடுற மாதிரி சிரிச்சாரு. "நாளைக்கு மத்தியான நடை உன்னோடதும்மா"ன்னாரு.

ம்...

மறுநாள் மத்தியானம் மொத ஆளா யார ஏத்துனா தெரியுமா? மாமியார. கன்னியம்மா சின்ன வயசுலேர்ந்து அந்தத் தண்ணியில கழுத்தளவு எறங்கி, கையால தடவித் தடவி எறால் புடிச்சவங்க. படகுல ஏறுனதே இல்ல. பயந்து பயந்து ரெண்டு கையாலயும் பலகையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தாங்க. படகு மெல்ல மரத்துக்கு நடுவுல போச்சு. சளக்... சளக்... பச்சைப் பசேல்னு தண்ணி, அதுக்குள்ள தலைகீழா காடு, கீழ வெள்ளி வெள்ளியா மீனு.

அந்தம்மா பலகைய விட்டுட்டாங்க. குனிஞ்சு ஒரு விரல தண்ணியில விட்டு இழுத்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "நாப்பது வருசமா இந்தத் தண்ணியில நின்னிருக்கேன் பூங்காவனம். இது இவ்ளோ அழகா இருக்கும்னு யாருமே எனக்குச் சொல்லலியே."

பூங்காவனம் துடுப்ப மடியில வெச்சுட்டா. படகு அது பாட்டுக்கு மெதந்துது.

அவ்வளவுதான்டி செல்லம். அவங்க அங்க மெதக்கட்டும், நீ இங்க கண்ண மூடு. தூங்கு.