காலி டேப்பில் நானூறு வரி

கோவையில் எழுதுவதற்கான மென்பொருள் செய்து விற்கிற கம்பெனி அது. தன் சரக்கில் குறை என்று யாராவது சொன்னால், முதலாளி ஆராவமுதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

சோதனை பார்க்கப் புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லி சொல்லிவிட்டாள். "சார், ரெண்டு கோப்பைத் தனித்தனி டேப்ல திறந்து வெச்சு, ஒரு டேப்பிலிருந்து இன்னொண்ணுக்குப் போனா, கர்சர் எந்த வரியில இருக்குன்னு கீழே காட்டுற எண் மாறல. பழைய டேப்போட எண்ணே நிக்குது. ஏதாவது கீயைத் தட்டினாத்தான் சரியாகுது."

"நம்ம எண் தப்பே காட்டாது! உன் கண்ணுலதான் கோளாறு. அதை ஒத்துக்கிட்டு நானூறு வரியில விளக்கம் எழுது. பத்து நிமிஷம் தர்றேன். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

செண்பகவல்லி பழைய கோப்பு ஒன்றைத் திறந்து நானூறாவது வரிக்குப் போனாள். அங்கிருந்து காலி டேப் ஒன்றுக்குத் தாவினாள்.

"முடிஞ்சுது சார்."

ஆபீஸே எட்டிப் பார்த்தது. கீழே 'வரி 400' என்று இருந்தது. மேலே ஓர் எழுத்துகூட இல்லை.

"எங்கேம்மா விளக்கம்? ஒண்ணையும் காணோமே!"

"எண் தப்பே காட்டாதே சார். எனக்குத்தான் கண்ணுல கோளாறு. உங்களுக்குமா தெரியல?"

ஆத்திரத்தில் முதலாளி ஒரு கீயை ஓங்கித் தட்டினார். 400 சட்டென்று 1 ஆனது.

"ஐயையோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் செண்பகவல்லி. "நானூறு வரியையும் ஒரே தட்டுல அழிச்சிட்டீங்களே சார்!"