கண்ணாடி அறைக்குள் ஆயிரம் கிலோமீட்டர்

முன்பு கோவையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, இன்னொன்று நீலம். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் இரண்டும் சளைக்காமல் ஓடின. அதில் ஒன்று இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. கோப்பை அதற்குத்தான் கிடைத்தது. இந்தக் கூத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வெள்ளைச் சைக்கிளின் சொந்தக்காரர் கிரிதரன். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, கண்ணாடிச் சுவர் வைத்த உடற்பயிற்சி அறை ஒன்று உண்டு. அங்கே ஓர் இரும்புத் தாங்கியில் தன் சைக்கிளை முடுக்கி வைத்திருந்தார். பின் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். எதிரே பெரிய டிவி, அதில் பனி மூடிய மலைப்பாதை ஓடும், மிதிக்க மிதிக்கக் கிலோமீட்டர் கணக்கும் ஏறும். பக்கத்தில் ஒரு மின்விசிறி, அது மலைக்காற்றாம். ஆணியில் ஒரு மழைக்கோட்டு தொங்கும், வாங்கிய நாளின் மடிப்பு அதில் இன்னும் கலையவில்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு வேறு மினுக் மினுக்கென்று மின்னும். நாலு சுவருக்குள் எந்த லாரி வந்து இடிக்கப் போகிறது? கேட்டால், பாதுகாப்பு முக்கியம் என்பார்.

நீலச் சைக்கிள் துளசிமணியுடையது. அவர் அந்தக் குடியிருப்பைக் கூட்டித் துடைக்கிறவர். மகள் பிளஸ் ஒன் படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் அது. மகள் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனதும் அம்மாவுக்கு வந்தது. வர ஒன்பது கிலோமீட்டர், போக ஒன்பது. காலை ஆறரைக்குள் வந்து நின்றாக வேண்டும். மழையென்றால் உரச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடக்கிக் கொங்காடையாகத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். ஹேண்டில்பாரில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய டார்ச் லைட்டு. பின்னால் ஒரு மண்ணும் கிடையாது.

மழைக்காலம் தொடங்கியதும் கிரிதரன் ஒரு போட்டி அறிவித்தார். பொங்கலுக்குள் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கோப்பை. கோப்பையில் 'மழைக்கும் பனிக்கும் அஞ்சாதவர்' என்று எழுதியிருக்கும். குடியிருப்பில் வீடு உள்ளவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம்.

நீலம் நிற்கும் தூண், கண்ணாடி அறைக்கு நேர் எதிரே இருந்தது. இரண்டும் தினமும் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும்.

"இன்னைக்கு நாப்பது கிலோமீட்டர். அத்தனையும் ஏத்தம்," என்றது வெள்ளை.

"எந்த ஊருக்குப் போயிட்டு வந்தே?"

"ஆல்ப்ஸ் மலைக்கு."

"பின் சக்கரம் இல்லாமயா?"

"இது டெக்னாலஜி. உனக்கெல்லாம் புரியாது. முதல்ல தள்ளி நில்லு. உன் மேல இருந்து தண்ணி சொட்டி டைல்ஸெல்லாம் அசிங்கமாகுது."

"மழையில வந்தா சொட்டத்தான் செய்யும். உனக்கு அடியிலயும்தான் குளமா நிக்குது, அது என்ன பன்னீரா?"

"அது வியர்வை," என்றது வெள்ளை. "உழைப்போட அடையாளம்."

"அப்படீங்களா சாமி! இத்தனை நாள் தெரியாமப் போச்சுங்க," என்று நீலம் ஒரு கும்பிடு போட்டது.

மூலையில் நின்ற, தரை துடைக்கும் மாப் வாய்விட்டுச் சிரித்தது. அதற்கு இரண்டு தண்ணீரும் தெரியும். தூணடியில் சொட்டியதையும் அதை வைத்துத்தான் துளசிமணி துடைப்பார், கண்ணாடி அறைக்குள் சொட்டியதையும் அதை வைத்துத்தான் துடைப்பார். தரையோடு அவர் விடுவதில்லை. ஒரு காய்ந்த துணியை எடுத்து வெள்ளைச் சைக்கிளின் ஹேண்டில்பார், அதன் கீழே இருக்கும் திருகாணிகள், செயின் எல்லாவற்றையும் ஒத்தி எடுப்பார். யாரும் செய்யச் சொல்லவில்லை. பொருள் வீணாகக் கூடாது என்கிற குணம், அவ்வளவுதான். நீலத்துக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். 'என்னைத் துடைக்க அம்மணிக்கு நேரமில்லை, இந்த நொண்டிக்கு ராஜ உபசாரம்' என்று முணுமுணுக்கும்.

ஒரு நாள் நல்ல அடைமழை. துளசிமணி தொப்பலாக நனைந்து வந்து சைக்கிளை நிறுத்தினார். காருக்குப் போன கிரிதரனின் ஷூவில் அந்த ஈரம் பட்டது. ஷூவில்தான், தலையில் இல்லை. அன்று மாலையே ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வேலை செய்கிறவர்களின் வண்டிகள் இனிமேல் கேட்டுக்கு வெளியே.

மறுநாள் துளசிமணி அவரிடம் போய் நின்றார். "ஏனுங்க சார், வெளிய நிறுத்துனா நாள் பூராம் மழை அது மேலதானுங்க பேயும். பிரேக் இறுகிப் போயிரும். நான் வர்ற ரோட்டுல லாரி சாஸ்திங்க. மழை முடியற வரைக்கும் இந்தத் தூணோரமா நிறுத்திக்கறனுங்க. சொட்டுற தண்ணிய நானே துடைச்சுக்கறேன்."

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா," என்றார் கிரிதரன், பெடலை மிதித்துக்கொண்டே. "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க." சொல்லிவிட்டு டிவியில் வந்த ஒரு வளைவுக்காக உடம்பைச் சாய்த்துக்கொண்டார். எதில் சாய்கிறார் என்று பாருங்கள். தாங்கியில் முடுக்கிய சைக்கிளில்!

வாட்ச்மேன் மாரப்பன்தான் நீலத்தை வெளியே தள்ளிக்கொண்டு போனார். "மன்னிச்சுக்க தாயி, என்ற கையில ஒண்ணுமில்ல," என்று துளசிமணியிடம் சொன்னார். கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, கூரை என்று சொல்ல ஒரு இலைகூட இல்லாத இடத்தில் நிறுத்தினார்.

அன்றிலிருந்து மழை அதை ஊற ஊற நனைத்தது. செயின் செம்மண் நிறமானது. பிரேக் கம்பி துருவேறிக் கரகரத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் துளசிமணி தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை மழை அதைக் கழுவிக்கொண்டு போனது.

மதியத்தில் மாப்பைப் பிழிந்து காம்பவுண்டுக் கம்பியில் போடுவார்கள். அப்போது அதுதான் உள்ளே நடப்பதை நீலத்துக்குச் சொல்லும்.

"எண்ணூறு தாண்டிருச்சாம்," என்றது மாப்.

"போகட்டும், நாசமாப் போகட்டும்!" நீலம் கத்தியது. "எனக்குக் கோப்பையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என்ற பிரேக் பிடிக்க மாட்டேங்குது. பனி இறங்குனா முன்னாடி ரோடே தெரியாது. ஒரு நாளைக்கு நான் அம்மணியக் கீழ போட்டுருவேன், தெரியுமா உனக்கு? அந்தச் சிவப்பு விளக்கையாச்சும் கேட்டு வாங்கிக் குடு."

மாப் போய்க் கேட்டது. விளக்கு, "நான் போறேன், இங்க என்னை யாரு பாக்கறா?" என்று உடனே சொன்னது. வெள்ளை அதை அதட்டி அடக்கியது. "என் செட்டு கலைஞ்சா போட்டோவுல அசிங்கமா இருக்கும்."

போட்டோவில் அசிங்கம்! ரோட்டில் ஒருத்தி செத்துப் போனால் பரவாயில்லை.

மார்கழிக் கடைசி ஞாயிறு. கோப்பை கொடுக்கும் நாள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. விழா என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் துளசிமணியை வரச் சொல்லியிருந்தார்கள். பாதி வழியில் பின்னால் வந்த வேன்காரனுக்கு அப்படி ஒருத்தி முன்னால் போவதே தெரியவில்லை. கடைசி நொடியில் ஹாரன் அடித்தான். துளசிமணி ஓரம் ஒதுங்கிப் பிரேக்கைப் பிடித்தார். நீலம் தன் உயிரையெல்லாம் திரட்டிப் பார்த்தது, இறுகிய கம்பி அசையவில்லை. இருவரும் சேர்ந்து சாக்கடைப் பள்ளத்தில் விழுந்தார்கள். வேன் நிற்காமல் போய்விட்டது.

"அம்மணி, நான் வேணும்னு பண்ணலை," என்று நீலம் அழுதது. துளசிமணி இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அது அதற்குள் வீங்கிவிட்டது. வளைந்த சக்கரத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மிச்ச தூரத்தையும் நடந்தார்.

கேட்டருகே மாரப்பன் அவரைப் பார்த்தார். நோட்டீஸையும் பார்த்தார். "போகுது கழுதை, உள்ள கொண்டா தாயி," என்று கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

உள்ளே நாற்காலிகள், பலூன்கள், மேசைமேல் கோப்பை. கிரிதரன் அப்போதுதான் ஆயிரமாவது கிலோமீட்டரை முடித்து இறங்கியிருந்தார். சுற்றிலும் கைதட்டல். துளசிமணியின் சேலையிலிருந்தும் சைக்கிளிலிருந்தும் சாக்கடைத் தண்ணீர் சொட்டியது.

"என்னக்கா இவ்வளவு லேட்டு?" என்றார் கிரிதரன். "என் சைக்கிளுக்கு அடியில ஒரே ஈரம், போட்டோ எடுக்க முடியல. சீக்கிரம் துடைங்க. ஆமா, இந்தச் சைக்கிளை யாரு உள்ள விட்டது?"

கை என்னவாயிற்று என்று ஒருத்தர் கேட்கவில்லை. அத்தனை பேரில் ஒருத்தர்கூட!

துளசிமணி மூலைக்குப் போய் மாப்பை எடுத்தார். ஆனால் துடைக்கவில்லை.

"எத்தனை கிலோமீட்டருங்க சார் ஓட்டுனீங்க?"

"ஆயிரம். ஏன்?"

"நானும் ஓட்டுனனுங்க. தினம் பதினெட்டு. எனக்கு முன்னாடி டிவி இல்லீங்க, பக்கத்துல பேன் இல்லீங்க. பின்னாடி லாரி இருந்துச்சு." துளசிமணி மாப்பைத் தரையில் ஊன்றினார். "என்ற சைக்கிள்ல சொட்டுன தண்ணி அசிங்கம்னு வெளிய தள்ளுனீங்க. மூணு மாசமா உங்களுக்குச் சொட்டுனதை நான் ஒரு நாளாவது அசிங்கம்னு சொன்னனுங்களா? இனி உங்க தண்ணிய நீங்களே துடைச்சுக்குங்க."

மாப்பைக் கிரிதரன் கையில் திணித்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். போட்டோ எடுக்க வந்தவர் பழக்கதோஷத்தில், மாப்போடு நின்ற கிரிதரனை க்ளிக் செய்துவிட்டார்.

துளசிமணிக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் வீட்டில் கிடந்து கஷ்டப்பட்டார். பிறகு ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை கிடைத்தது. போன முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிள எங்கீங்க நிறுத்தறது?" அங்கே அதற்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது.

பங்குனியில் ஒரு நாள், அப்பாஸ் பாயின் சைக்கிள் கடையில் நீலம் புதுப் பிரேக் கட்டைகளோடு நின்றது. பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் பூட்டியாயிற்று. அப்போது கிரிதரன் தன் வெள்ளைச் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பொங்கலுக்கு அப்புறமும் அதைத் தினம் மிதித்துக்கொண்டுதான் இருந்தார், இப்போது ஹேண்டில் திரும்பவில்லை.

அப்பாஸ் பாய் ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த டேப்பை உரித்தார். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்து அரித்திருந்தது. திருகாணிகள் துருவில் மூழ்கிக் கிடந்தன. ஹேண்டிலின் கழுத்தைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது.

"என்னங்க சார் இது? மழையில போட்டு வெச்சிருந்தீங்களா?"

"ஒரு சொட்டு மழை பட்டதில்ல பாய்! கண்ணாடி ரூமுக்குள்ளயே இருந்தது," என்றார் கிரிதரன்.

"அப்ப வேர்வை சார். மழையவிட மோசம். தினம் துடைச்சிருக்கணும்."

வெள்ளை பக்கத்தில் நின்ற நீலத்தைப் பார்த்துப் புலம்பியது. "மூணு மாசம் ஓடுனப்ப எனக்கு ஒண்ணும் ஆகலை. இப்ப மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

"அப்பத் தினமும் உன்னை ஒரு கை துடைச்சுது," என்றது நீலம். "அந்தக் கையைத்தான் நீங்க கேட்டுக்கு வெளிய நிறுத்துனீங்க."