பகல் இருண்ட நாளின் கல்

சுடலைமுத்து இருபத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு ஆய்வுக்குச் சேர்ந்தார். வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியை இன்பவல்லி அவரைவிடப் பதினொரு வயது இளையவர். அவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். சுடலைமுத்துவோ இன்பவல்லியை ‘அம்மா’ என்பார்.

உதவித்தொகையில் பாதி அரசாங்கம் தந்தது. மறுபாதி, என்றோ இறந்துபோன ஒருவர் எழுதிவைத்த அறக்கட்டளையிலிருந்து வந்தது.

நான்கு வருஷமாக அவர் படித்தது ஒரே ஒரு கல்லை. ஆலங்கண்ணி என்ற ஊருக்கு வெளியே, இடிந்த கோயில் சுவரில் இருந்த, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கல் அது. நங்கை சாத்தி என்கிற பெண் கோயில் விளக்கெரிய ஆடுகள் கொடுத்தாள் என்றது. கொடுத்த நாளையும் சொன்னது. அரசனின் ஏழாவது ஆண்டில், ‘பகலிருண்டு மீன் தோன்றின நாள்.’ மீன் என்றால் விண்மீன். முழுச் சூரிய கிரகணம்.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அந்த ஆண்டு கிரகணம் உண்டுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் முழு நிழல் விழுந்த இடம் எழுநூறு கிலோமீட்டர் மேற்கே, நடுக்கடல். ஆலங்கண்ணியில் பகல் இருண்டிருக்க முடியாது. வாசிப்பைத் திருத்துக.

சுடலைமுத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு வழி தென்பட்டது. ஏழு என்ற எண்ணுக்கு முன்னால் கல் பொரிந்திருந்தது. அங்கே பத்து என்ற குறி இருந்து உதிர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் பதினேழாவது ஆண்டு. அந்த ஆண்டின் கிரகணம் ஆலங்கண்ணியின் மேலேயே கடந்திருந்தது.

“பதினேழுன்னு வாசிச்சிரலாமாம்மா?” என்று கேட்டார்.

மறுநாள் காலை இன்பவல்லி அவரைக் கூட்டிக்கொண்டு ஆலங்கண்ணிக்குப் போனார். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் புதிதாகப் படி எடுத்தார்கள். பிறகு இன்பவல்லி அவர் கையைப் பிடித்துப் பொரிந்த இடத்தில் வைத்தார்.

“கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க ஐயா.”

எழுத்துக்கு எழுத்து ஒரே அளவு இடம் விட்டு வெட்டியவன் அந்தச் சிற்பி. பொரிந்த இடமோ ஒரு நெல் நுழையாத அகலம். அங்கே பத்து இருந்திருக்க வழியே இல்லை.

“ஏழுதாம்மா” என்றார். “அப்ப கல்லு பொய் சொல்லுது.”

“கல்லா, கணக்கா? நமக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கேப்போம்.”

வளாகத்தின் மறுகோடிக்கு நடந்தார்கள். நான்கு வருஷத்தில் சுடலைமுத்து அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஓர் அறையில் பாம்பின் விஷத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்ததில் ஒருத்தி காதில் கருவி மாட்டி மலைக்காட்டு மொழி ஒன்றைக் கேட்டு எழுதினாள். கடைசி அறையில் வானியல் பேராசிரியர் செய்யது இபுராகிம் இருந்தார்.

அவர் முழுவதையும் கேட்டார். நட்சத்திரம் தெரிந்ததாகக் கல்லிலேயே இருக்கிறதா என்று கேட்டார். ஊர்ப் பெயரும் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டையும் படியில் காட்டச் சொல்லி விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கணக்குப் போட்டார்.

திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது.

தேர்வாளர் இன்றைய நாளின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார் என்றார். நிலவு கடலை இழுக்கிறது. அந்த இழுப்பில் பூமி சுற்றுகிற வேகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைந்துகொண்டே வருகிறது. ஆயிரம் வருஷத்தில் அது சேர்ந்து சேர்ந்து இருபத்தாறு நிமிஷம் ஆகியிருக்கிறது. அந்த இருபத்தாறு நிமிஷத்தில் பூமி திரும்புகிற தூரம்தான் அந்த எழுநூறு கிலோமீட்டர்.

“கல்லு பொய் சொல்லலை. அந்தம்மா பார்த்த நாள், நம்ம நாளைவிடக் குட்டை.”

அந்த நூற்றாண்டுக்கு இப்படி ஒரு சாட்சி தன்னிடம் இல்லை என்றார். பதினாறு வருஷமாகத் தேடுகிறாராம். படியைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார்.

வெளியே வந்த சுடலைமுத்து வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். காலடியில் தரை அசையாமல் கிடந்தது. அது சுற்றுகிறது என்று பிள்ளைகளுக்கு அவரும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இன்றுதான் அதன்மேல் நிற்பதுபோல இருந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

கல்லை முழுசாகப் படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார் இபுராகிம். அதற்காக அடுத்த வாரம் மறுபடி ஆலங்கண்ணிக்குப் போனார்கள். கல்லின் அடிப்பகுதி மண்ணுக்குள் இருந்தது. சுடலைமுத்து குழியில் இறங்கி மண்ணைத் தோண்டினார்.

தோண்டியபடியே கேட்டார். அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் பயன் என்று ஒரு கட்டம் இருக்கிறது.

“நங்கை சாத்தி விளக்குக்குன்னுதான் கொடுத்தா. அந்த விளக்கு அணைஞ்சு எத்தனையோ நூறு வருஷம் ஆச்சு. பூமி வேகம் குறைஞ்சது தெரியவரும்னு அவ கொடுக்கலை. எனக்குக் கொடுக்கிறவங்களுக்கு நான் என்ன பயன்னு எழுதட்டும்மா?”

இன்பவல்லி குனிந்து பார்த்தார். மண் விலகிய இடத்தில் இதுவரை யாரும் படி எடுக்காத கடைசி வரி தெரிந்தது.

“வாசிங்க ஐயா.”

ஈரத்துணியால் துடைத்துவிட்டு வாசித்தார். “இத்தன்மம் காத்தான் ஸ்ரீபாதம் என் தலைமேலன.” இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவனின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று பொருள். எத்தனையோ கல்லில் வருகிற வரிதான். வழக்கமான முடிப்பு என்று அவர் ஒருபோதும் நின்று படித்ததில்லை.

“விளக்கு அணைஞ்ச பிறகு, காத்தான்னு அவ யாரைச் சொல்றா?” என்றார் இன்பவல்லி.

சுடலைமுத்து கல்லின் விளிம்பில் ஊன்றியிருந்த காலை மெல்ல எடுத்துக்கொண்டார்.