வட்டமாய் வைத்த கால்தடம்

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள் பிள்ளைகளே, தப்பாகச் சொல்லிவிட்டால் யாருக்காவது வம்பாகிவிடும்) ஒரு சருகுமான் இருந்தது. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. காய்ந்த இலை சரசரத்தாலே அதற்கு நெஞ்சு படபடக்கும்.

அந்தக் காட்டுக்கு ஒரே குளம். கோடை தொடங்கியதும் சிங்கராஜா, இனி அது தன் குளியலுக்கு மட்டும் என்று சொல்லி, சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். சருகுமானின் குட்டி தாகத்தில் எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தது.

கோபக் கடிதம் எழுதுவது அந்தக் காட்டுக்குப் புதிதில்லை. ராஜாவின் தாத்தா காலத்திலிருந்தே தேக்கிலையில் எழுதி, தேக்கங்கொழுந்தைக் கசக்கிய சிவப்புச் சாற்றில் கால் தோய்த்து, ஒன்றன் கீழ் ஒன்றாகத் தடம் வைத்து அனுப்புவது வழக்கம். அந்த இலைகளை மந்திரி நரி குகைச் சுவரில் பத்திரமாகக் குத்தி வைத்திருந்தது. "நாங்கள் பசியில் சாகிறோம், உமக்கு விருந்தா?" என்றது ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு பன்றியின் கோரைப்பல் தொங்கியது. "எங்கள் புல்வெளியைத் திருப்பிக் கொடும்" என்றது இன்னொன்று. அதன் பக்கத்தில் ஒரு கடமான் கொம்பு.

மேலே இருக்கும் முதல் தடம் யாருடையதோ, அவரே தூண்டிவிட்டவர். மற்றவர்கள் ஒன்றும் அறியாதவர்கள். இது நரி போட்ட சட்டம்.

அதனால் இந்த முறையும் கடிதம் சூடாகத் தயாராகிவிட்டது. கால் வைக்கத்தான் ஆளில்லை. "நீங்கள் மூத்தவர், முதலில் வையுங்கள் அண்ணே" என்றது முள்ளம்பன்றி, கரடியிடம்.

"மரியாதையெல்லாம் இன்றைக்குத்தான் ஞாபகம் வருகிறதா உனக்கு?" என்றது கரடி.

மயில் கிட்டவே வரவில்லை. சாயம் பட்டால் அழகு கெட்டுவிடுமாம்.

சருகுமான் தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு நடுங்கிக்கொண்டே சொன்னது: "மேலே, கீழே என்று இருந்தால்தானே முதல் தடம்? எழுத்தைச் சுற்றி வட்டமாக வைத்தால்?"

மயிலைத் தவிர எல்லாம் வட்டமாக வைத்தன. யார் முதலில் வைத்தது என்று கேட்காதீர்கள்.

நரி இலையைத் திருப்பிப் பார்த்தது. மறுபடி திருப்பியது. இலையைத் தரையில் போட்டுத் தானே சுற்றி வந்தது. தலை சுற்றியதுதான் மிச்சம். அப்படியானால் எல்லாரையும் கொன்றுவிடலாம் என்றார் ராஜா.

"அப்புறம் யாரை ஆள்வீர்கள், மகாராஜா? இப்போதைக்குக் குளத்தைத் திறந்துவிடுங்கள். அந்த முதல் ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது நரி.

மறுநாள் அந்தக் குகையில் சபை கூடியது. கடிதத்தைப் படித்து ராஜா மனம் உருகிவிட்டதாகவும், இதைத் தொடங்கி வைத்த அறிவாளிக்குத் தளபதிப் பட்டம் காத்திருப்பதாகவும் நரி குழைந்து குழைந்து சொன்னது.

கரடி தரையைப் பார்த்தது. முள்ளம்பன்றி தன் முள்ளை எண்ண ஆரம்பித்தது. சருகுமானுக்கு உள்ளே ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. சுவரில் தொங்கிய கோரைப்பல் கண்ணில் பட்டதும் ஆசை வந்த வழியே போய்விட்டது.

"நான்தான்" என்று தோகையை விரித்தபடி முன்னே வந்தது மயில்.

"இலையில் உங்கள் தடமே இல்லையே?" என்றது நரி.

"யோசனை சொல்வதுதான் தலைவர் வேலை. சாயத்தில் கால் வைப்பதெல்லாம் தொண்டர்கள் வேலை."

நரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதற்கு வேண்டியது ஒரு ஆள். மாலைக்குள் சுவரில் புதிய இலையும், அதன் பக்கத்தில் ஒரு கட்டு மயில் தோகையும் தொங்கின. மொட்டை வாலோடு வெளியே வந்த மயில், போராட்டத்தில் இழந்தது என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

குளத்து முள் விலகியது. ஆனால் உண்மையான முதல் ஆள் அகப்படாமல் நரிக்கு மனம் ஆறவில்லை. யார் துணிந்து முதலில் தண்ணீரில் வாய் வைக்கிறார்கள் என்று பார்க்கக் கரையில் வந்து உட்கார்ந்தது.

சருகுமான் தன் குட்டியை இழுத்துக்கொண்டு கரடிக்கும் முள்ளம்பன்றிக்கும் நடுவே புகுந்தது. குளத்தைச் சுற்றி எல்லாம் வட்டமாக நிற்கும்வரை காத்திருந்தது. பிறகு எல்லாரோடும் சேர்ந்து, ஒரே நேரத்தில், தலையைத் தாழ்த்திக் குடித்தது.

நீதி: பலர் சேர்ந்து கேட்ட நியாயத்தில் முதல் ஆள் யார் என்று, பரிசோடு வந்து கேட்டாலும் வாய் திறக்காதே.