நெசவாளி வீட்டு ஒழுக்கு

கேட்க வந்தவர்களே, காலை நீட்டி உட்காருங்கள். அவசரமாகச் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது.

வெகு காலத்துக்கு முன்னால் கீழைமங்கலம் என்ற ஊரை ஓர் அரசன் ஆண்டுகொண்டிருந்தான். நல்ல அரசன்தான். ஆனால் இந்தக் கதையில் அவனுக்கு வேலை கொஞ்சம்தான். தன் மகளின் கல்யாணத்துக்கு ஒரு கூறைப்புடவை நெய்யச் சொன்னான், அவ்வளவே.

நெய்யச் சொன்னது அம்பலவாணன் என்ற நெசவாளியிடம். கைத்திறமையில் அந்த ஊரிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வாய்த்திறமையிலும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அரண்மனைக் காரியக்காரர் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: "கார்த்திகை முதல் நாள் புடவை வந்தாகணும். கடுகளவு கறை இருந்தாலும் அரண்மனை நெசவு வேலை இனி உனக்கு இல்லை. வேறு ஊர் பார்த்துக்கொள்."

அம்பலவாணன் குடியிருந்தது பழைய ஓட்டு வீடு. மனைவி தெய்வானையின் அப்பா முத்தையா கட்டியது. ஒவ்வொரு ஓடாகத் தலையில் சுமந்து வந்து வேய்ந்த மனிதர் அவர். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் வீட்டில் எது பழுதானாலும் அம்பலவாணன் தன் கையாலேயே சரி செய்வான். சரி செய்துகொண்டே மாமனாரைத் திட்டுவான். கதவு இழுத்துக்கொண்டால் மாமனார். சுவர் உதிர்ந்தால் மாமனார். கொல்லையில் வழுக்கி விழுந்தாலும் மாமனார்தான்!

"ஒரு கொத்தனையோ ஓடு மாத்துறவரையோ கூப்பிடக்கூடாதா?" என்று தெய்வானை கேட்பாள்.

"என் வீட்டுக்கு அடுத்தவன் கையா? போடி!" என்பான்.

ஐப்பசி பிறந்தது. புடவை பாதி நெய்தாகிவிட்டது. நீளவாட்டுப் பாவு நூலைத் தறியில் ஏற்றி இழுத்துக் கட்டிய பிறகு, நெய்து முடிக்கும் வரைக்கும் அதை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது. அப்போதுதான் முதல் மழை பிடித்தது. தறிக்கு மேலே ஒரு சொட்டு விழுந்தது. சிவப்புப் பட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"பார்த்தியா உங்கப்பா வேய்ந்த லட்சணத்தை!" என்று கத்திக்கொண்டே அம்பலவாணன் சட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

மறுநாள் வெயில் வந்தது. கூரைமேல் ஏறினான். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த இரண்டு ஓடுகளை மாற்றினான். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான்.

"சொட்டுதா?" என்று மேலிருந்து கேட்டான்.

"இல்லைங்க," என்றாள் தெய்வானை.

மீசையைத் தடவிக்கொண்டு இறங்கினான். இரண்டு நாளில் மறுபடி மழை. மறுபடி ஒழுக்கு. இந்தத் தடவை அரைச் சாண் தள்ளி.

அடுத்த வெயிலில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சுண்ணாம்பு அரைத்தான். அந்த இடத்தில் எங்கெங்கே சந்து தெரிந்ததோ அங்கெல்லாம் அப்பினான். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினான்.

"சொட்டுதா?"

"இல்லைங்க."

அன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிட்டான். வேலை செய்த களைப்பாம். நான்காம் நாள் மழை வந்தது. ஒழுக்கும் கூடவே வந்தது. இப்போது நாலே விரல் தள்ளி.

மூன்றாவதாக என்ன செய்தான் தெரியுமா? கூரை வேண்டாம் என்று விட்டுவிட்டு, தறிக்கு மேலே பெரிய ஓலைப்பாய் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டினான். பிரமாதமான யோசனை என்று நினைத்தான். மழை கொட்டியது. ஒழுகிய தண்ணீரெல்லாம் பாயில் தேங்கியது. பாய் தொப்பை போட்டது. ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. ஐயோ, அவ்வளவு தண்ணீரும் புடவைமேல் கொட்டியிருக்கும்! தெய்வானை பாய்ந்து போய்ப் பாயின் விளிம்பைத் தன் பக்கம் இழுத்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்துபோனாள். பட்டின் மேல் ஒரு துளி படவில்லை.

பயம் வந்தால் சிலருக்குக் கோபம்தானே வரும்? அம்பலவாணன் அந்த ரகம்.

"நாளைக்கே இந்தக் கூரையைப் பிரிச்சுப் போடறேன்! உங்கப்பா கை பட்ட ஒரு ஓடுகூட இங்கே இருக்கக்கூடாது!" என்றான்.

தெய்வானைக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுவதை அவன் பார்க்கக்கூடாது என்று, விறகெடுக்கப் போகிறவள் மாதிரி மழையிலேயே கொல்லைப்பக்கம் போனாள்.

கொல்லையில் ஒரு கயிறு உண்டு. சாயம் ஏற்றிய நூலை உலர்த்துகிற கயிறு. கூரையின் முகட்டுக்கும் புன்னை மரத்துக்கும் இடையே போன மழைக்காலம் முடிந்த பிறகு அம்பலவாணன்தான் கட்டியிருந்தான். தறியில் அறுந்து மிஞ்சுகிற பருத்தி நூலைத் தூக்கிப் போட நெசவாளிக்கு மனசு வராது. அதையெல்லாம் சேர்த்து முறுக்கித் திரித்த கயிறு அது. நடுவில் தொங்கும். விறகடுக்குக்குப் போகிறபோதெல்லாம் தெய்வானை குனிந்துதான் போவாள்.

விறகோடு உள்ளே வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இன்னைக்கு நான் குனியவே இல்லை."

"என்னது?"

"கொல்லைக் கயிறு. தினமும் குனிஞ்சு போவேன். இப்போ நிமிர்ந்தே போயிட்டு வந்தேன். கயிறு மேலே ஏறி விறைச்சு நிக்குது."

நனைந்த நூல் இறுகும் என்று நெசவாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அம்பலவாணன் அரிவாளை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் ஏணியில் ஏறினான்.

முகட்டு ஓடு ஒன்றைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. மழையில் நனைந்து இறுகி, அதை இரண்டு விரல் உயரம் தூக்கிப் பிடித்திருந்தது. அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் உள்ளே போய், ஓட்டைத் தாங்கும் சாய்வான கைமரத்தின் வழியே ஓடி, தறிக்கு மேலே சொட்டியிருக்கிறது. வெயில் வந்தால் கயிறு தளரும், ஓடு சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். அவன் ஏறிப் பார்த்ததெல்லாம் வெயிலில்தானே!

முடிச்சைப் பார்த்தான். இரட்டைச் சுற்றுப் போட்டு வாலை உள்ளே செருகிய முடிச்சு. அந்த ஊரில் அப்படி முடிகிறவன் ஒருவன்தான்.

கயிற்றை வெட்டினான். ஓடு டக்கென்று தன் இடத்தில் உட்கார்ந்தது. முடிச்சை மடியில் செருகிக்கொண்டு இறங்கினான்.

"நின்னுடுச்சுங்க! என்ன இருந்தது மேலே?" என்று தெய்வானை கேட்டாள்.

"ஓடு நகர்ந்திருந்தது," என்றான். "குரங்கு வந்திருக்கும்."

அட பாவி மனுஷா!

அதன் பிறகு பத்து நாள் மழை பெய்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. புடவை வளர்ந்தது. ஆனால் அம்பலவாணனுக்குச் சோறு இறங்கவில்லை. நெய்ய உட்கார்ந்தால் மடியில் முடிச்சு உறுத்தியது. எடுத்துத் தூரப் போடலாம் என்றால் கை வரவில்லை.

கார்த்திகை முதல் நாள் காரியக்காரர் ஆட்களோடு வந்தார். புடவையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, நூல் நூலாகப் பார்த்தார். கறை இல்லை.

"இந்த மழையில் புது வீடுகளே ஒழுகுகின்றன. இவ்வளவு பழைய வீட்டில் எப்படியப்பா காப்பாற்றினாய்?" என்று கேட்டார்.

தெரு முழுக்க நின்று கேட்டுக்கொண்டிருந்தது. பெருமை பேச இதைவிட நல்ல நேரம் ஏது? அம்பலவாணன் வாயைத் திறந்தான். மனைவியைப் பார்த்தான். மடியிலிருந்து முடிச்சை எடுத்தான்.

"காப்பாத்தினது என் மாமனார் முத்தையா வேய்ந்த கூரைங்க. நல்லா இருந்த கூரையை ஒழுக வச்சது இந்த முடிச்சு. இது நான் போட்டது. பன்னிரண்டு வருஷமா அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்," என்றான்.

காரியக்காரர் புடவையை மடித்து வாங்கிக்கொண்டு போனார். தெரு கலைந்தது. தெய்வானை அந்த முடிச்சை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க மேலே ஏறின மறுநாள் காலையிலேயே கொல்லையில் வெட்டின கயிறு கிடந்ததைப் பார்த்தேன். குரங்கு அரிவாளா எடுத்துட்டு வரும்?" என்றாள். "நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன். எங்கப்பா பேரைச் சொன்னீங்களே, அது போதும்."

அதற்கப்புறம் வருஷாவருஷம் ஐப்பசி பிறந்ததும் அம்பலவாணன் மழையில் நனைந்துகொண்டே வீட்டை மூன்று சுற்றுச் சுற்றி வருவான். தான் கட்டியது, தான் அடித்தது, தான் பூசியது எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மாமனார் வேய்ந்த ஓடுகளைத் தொடுவான்.

கேட்டவர்களே, இதுதான் நீதி: பழுது பார்க்கப் புறப்படுகிறவன், பிறர் கட்டியதைக் குறை சொல்லும் முன் தன் கை செய்ததைப் பார்க்க வேண்டும்.