கறையானுக்கு மாற்றாய் மான்தோல்

பரக், பரக், பரக். வெகுகாலத்துக்கு முன் ஒரு கோடையில், காய்ந்து கிடந்த ஒரு காட்டில் விடியலிலேயே கேட்கும் ஓசை அது, குழந்தைகளே. ஒரு கௌதாரி தன் மூன்று குஞ்சுகளுக்காகக் கறையான் புற்றைக் கிளறும் ஓசை.

புல்விதைகள் தீர்ந்துவிட்டன. கறையான் மட்டும் குறையவில்லை. குஞ்சுகள் அதைத் தின்று, இறக்கை முளைக்கக் காத்திருந்தன.

ஒருநாள் நரி வந்தது.

"அக்கா, இந்தப் பூச்சியையா பிள்ளைகளுக்குப் போடுகிறீர்கள்?"

"ஏன், நன்றாகத்தானே தின்கின்றன?"

"ஏழை வீட்டுத் தீனி அக்கா இது. புலி கறையானா தின்கிறது? கறி தின்கிறது. அதனால்தான் அது புலி."

கௌதாரிக்கு முகம் சுருங்கியது. "கறிக்கு நான் எங்கே போவேன்?"

"புலி தின்ற மானில் நான் பங்கு கொண்டுவருகிறேன். பதிலுக்கு நீங்கள் கிளறும் கறையானைக் கொடுங்கள். எனக்கு வயிற்றுக் கோளாறு. மருந்துக்கு வேண்டும்."

மறுநாள் முதல் கறையான் எல்லாம் நரிக்குப் போயிற்று. கௌதாரி வீட்டுக்கு வந்தது காய்ந்த மான்தோல்.

"அம்மா, மெல்ல முடியவில்லை," என்றது கடைக்குட்டி.

"புலி வீட்டுச் சாப்பாடு. மெதுவாய் மெல்."

பக்கத்துப் புதரில் இருந்த காடை கேட்டது: "என்னடி, புலி வீட்டுச் சாப்பாடு என்கிறாய், உன் பிள்ளைகளின் கால் ஈர்க்குச்சியாய் இருக்கிறதே?"

"உனக்குப் பொறாமை," என்றது கௌதாரி.

பத்து நாள் ஆயிற்று. குஞ்சுகளுக்கு இறக்கை வளரவில்லை. கடைக்குட்டி நிற்கும்போதே சாய்ந்தது. கொஞ்சம் மிருதுவான கறியாகக் கேட்கலாம் என்று கௌதாரி நரியின் வளைக்குப் போனது.

வாசலில் நான்கு நரிக்குட்டிகள், உருண்டை உருண்டையாய். நடுவே, காலையில் கௌதாரி தன் காலால் கிளறிக் கொடுத்த கறையான்.

"ஒன்றைக்கூடச் சிந்தாதீர்கள்," என்று நரி சொல்லிக்கொண்டிருந்தது. "கறி கிடைக்காத காலத்தில் உடம்பை வளர்ப்பது இதுதான்."

"அப்பா, அந்தத் தோலை ஏன் கௌதாரிக்குக் கொடுக்கிறீர்கள்?"

"நம்மால் கடிக்க முடியவில்லையே."

கௌதாரி சட்டென்று திரும்பியது. எந்தப் புதரைத் தாண்டினோம், எந்த முள்ளில் இடித்தோம் என்று தெரியாமல் வீட்டுக்கு ஓடியது. உச்சிவெயிலில் புற்றைக் கிளறி, மூன்று வாயிலும் கறையானைத் திணித்தது.

"அம்மா, இது ஏழைத் தீனியாயிற்றே," என்றது மூத்தது.

"பேசாமல் தின்னடா."

அதிலிருந்து எட்டாம் நாள் வல்லூறு இறங்கியது. மூத்த இரண்டும் எப்படியோ எழும்பிப் புதர் மேல் பறந்தன. கடைக்குட்டிக்கு இறக்கை இன்னும் வரவில்லை. அது ஓடிப் பார்த்தது.

அதை வல்லூறு கொண்டுபோயிற்று.

நீதி: எளிதில் கிடைப்பதால் உணவின் சத்து குறைவதில்லை, பெரிய இடத்திலிருந்து வருவதால் கூடுவதுமில்லை.