பெட்ரோல் பங்க் பக்கத்துக் கிணறு

செல்லக்கனி அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்து நாலு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. முப்பது வருடம் போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் கண்டவர், கெட்டுப்போன தண்ணீரைச் சுத்தம் பண்ணும் வேலைக்கு வந்தபோது, அதைச் சொல்லிக்கொடுக்க அந்த வட்டாரத்தில் பிரிசில்லா மேடம் ஒருவர்தான் இருந்தார். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு கற்றுக்கொண்டார். வாயை மட்டும் கட்டவில்லை.

கல்லத்திக்கு ரோடு பிரியும் விலக்கில் ஒரு பெட்ரோல் பங்க். பூமிக்கடியில் இருந்த தொட்டி ஓட்டையாகி எத்தனை மாதம் கசிந்ததோ, யார் கண்டது! பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த இசக்கியம்மாள் ஒருநாள் சாம்பாரை ருசி பார்த்தவள் அப்படியே துப்பினாள். அதிகாரிகள் வந்து அவள் கிணற்றைப் பூட்டினார்கள். கிணறு இல்லாமல் கடை ஏது? அதுவும் பூட்டிக்கொண்டது. அவள் பக்கத்து டவுனில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

ஓட்டைத் தொட்டியைத் தோண்டி எடுத்தாயிற்று. அண்ணாச்சி ஒன்றரை வருடம் அங்கேயே கிடந்தார். மோட்டார் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, கரி நிரப்பிய டிரம்களில் விட்டு வடிகட்டினார். ஒருநாள் மேடம் வந்து மோட்டாரை நிறுத்தினார்.

“நாற்பது நாள் கிணத்தைத் தொடாதீங்க. சும்மா கிடக்கட்டும். அப்புறம் ஒரு பாட்டில் பிடிச்சு லேபுக்கு அனுப்புங்க. விளிம்பு வரைக்கும் நிறைக்கணும். உள்ள ஒரு காத்துக் குமிழி இருந்தாலும் பெட்ரோல் அதுக்குள்ள போயிரும், கணக்குல வராது.”

“சும்மா எதுக்கு மேடம் கிடக்கணும்?”

“சும்மா கிடந்தாத்தான் தெரியும்.”

மேடம் எப்போதும் இப்படித்தான். இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னால் முத்து உதிர்ந்துவிடும்.

நாற்பது நாள் முடிந்தது. அண்ணாச்சி பாட்டில் பிடித்து அனுப்பிவிட்டுக் கிணற்றைத் திரும்பப் பூட்டினார். எட்டாம் நாள் லேபிலிருந்து தாள் வந்தது. பெட்ரோல் துளிகூட இல்லை. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. மேடத்துக்குச் சொல்வதற்கு முன்னால் இசக்கியம்மாளுக்குப் போன் போட்டார்.

“தாயி, வெள்ளிக்கிழமை அடுப்பைப் பத்த வை.”

அவள் போனிலேயே அழுதாள். அன்றைக்கே ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்து கடைக்கு வெள்ளையடித்தாள்.

மறுநாள், புதன்கிழமை காலை, கிணறு சுத்தம் என்று கையெழுத்துப் போட மேடம் வந்தார். இசக்கியம்மாள் துடைப்பமும் கையுமாக ஓடி வந்தாள்.

“மேடம், முத இட்லி உங்களுக்குத்தான். வராம இருந்துராதீங்க.”

மேடம் தலையசைத்தார். அவள் உள்ளே போனாள். மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாச்சியின் நோட்டைப் புரட்டினார்.

“கிணத்தை ஆறரைக்குத் திறந்திருக்கீங்க. பாட்டில் பிடிச்சது ஒன்பதே கால்னு எழுதியிருக்கீங்க. ஒரு பாட்டிலுக்கு இம்புட்டு நேரமா?”

“அது தேங்கிக் கிடந்த தண்ணி மேடம். லேசா வாடை அடிச்சுது. இறைச்சு விட்டேன்.”

“எத்தனை வாளி?”

“எண்ணலை. அறுபது இருக்கும். தோள்பட்டை விட்டுப்போச்சு. ஆனா தரையில ஒரு சொட்டு விடலை, எல்லாம் டிரம்லதான் ஊத்தினேன்.”

அண்ணாச்சிக்கு இதில் மறைக்க எதுவும் இல்லை. போர் போடுகிறவர்கள் வழக்கமே அதுதான். புது போரில் முதலில் சேறும் கலங்கலுமாக வரும். அதை ஓடவிட்டு, தெளிந்த பிறகு ஒரு சொம்பு பிடித்து வீட்டுக்காரர் கையில் கொடுப்பார்கள். கலங்கல் தண்ணீரைக் கொடுத்தால் அடிக்க வருவார்கள். முப்பது வருடம் அப்படித்தான் கொடுத்தார். இங்கேயும் அப்படித்தான் கொடுத்தார்.

மேடம் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

“லேப் பொய் சொல்லுமா மேடம்?”

“சொல்லாது.”

“அப்ப கிணறு சுத்தமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

மேடம் பேனாவை மூடினார். சாவி வாங்கிக் கிணற்று மூடியைத் திறந்தார். தானே வாளியை விட்டு ஒரு வாளி இறைத்தார். ஒரே ஒரு வாளி. அதை அண்ணாச்சி காலடியில் வைத்தார்.

அண்ணாச்சி குனிந்து மோந்தார். பெட்ரோல் வாடை. நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

“இது முதல் வாளி மேடம். இதைக் கொட்டிட்டு இன்னும் அறுபது வாளி இறைங்க. அப்புறம் பாருங்க, இளநீர் மாதிரி இருக்கும். அதைத்தான் நான் பிடிச்சேன். சத்தியமா அதைத்தான் பிடிச்சேன்.”

அண்ணாச்சி இட்லிக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அவ இருந்த வேலையையும் விட்டுட்டு வந்துட்டா. நான் வாக்குக் குடுத்திருக்கேன். இப்பப் போய் இல்லைன்னு எப்படிச் சொல்வேன்?”

கடைக்குள் இசக்கியம்மாள் யாரிடமோ உளுந்து வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடம் கிணற்று மூடியைப் போட்டுப் பூட்டினார். சாவியை அண்ணாச்சி கையில் கொடுத்தார்.

“காலையில அவங்க அரிசி களையப்போறது எத்தனாவது வாளித் தண்ணியில, அண்ணாச்சி?”